தங்கராஜின் இலைப்பேன்களும் எங்கள் மேற்கோள் கணக்கும்

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் இரண்டு மாடி கீழே இருக்கும் பெண் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. போன வாரம் லிஃப்டில் என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள். "ஆன்ட்டி, பாருங்க, என் நம்பர் ஏறிடுச்சு!" அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகத்தில் யாராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் அந்த எண் கூடுமாம். போனே மணியடித்துச் சொல்லிவிடுமாம். பதவி உயர்வுக்கு அந்த எண்தான் முக்கியமாம். எனக்கே பாடம் எடுத்தாள். "கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் யார் ஆன்ட்டி எண்ணினாங்க?" என்று கேட்டாள். "நான்தான் எண்ணினேன்" என்றேன். லிஃப்ட் நின்ற பிறகும் அவள் இறங்கவில்லை.

மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எழுதிக் கொடுங்கள் என்று ஒரே நச்சரிப்பு. டெல்லியில் பிறந்த பெண், தமிழ் வாசிக்க வராது, அம்மா படித்துக் காட்டுவாளாம். சரி, எழுதுகிறேன். ஆனால் பழைய நாட்கள் பொன்னான நாட்கள் என்று நான் ஒரு வரியும் எழுதப்போவதில்லை. அந்த வேலையில் நான் வாங்கிய அதிர்ச்சி இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. அதைத்தான் எழுத வருகிறது.

நான் அம்பாசமுத்திரத்துக்காரி. பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தேன், பிறகு நூலக அறிவியல், பிறகு மத்திய அரசுத் தேர்வு, பிறகு டெல்லி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம். அறிவியல் ஆவணங்களுக்கான ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. முதல் சில வருஷங்கள் பத்திரிகைகளை அடுக்கினேன், அட்டை எழுதினேன், இந்தி கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னை மேற்கோள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பிரிவுத் தலைவராக சக்ஸேனா சாப் இருந்தார்.

வேலை இதுதான். நாட்டில் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் தங்கள் விஞ்ஞானிகளின் பெயர்களை எங்களுக்கு அனுப்பும். இவர்கள் இத்தனை வருஷத்தில் என்ன எழுதினார்கள், அதை யார் யார் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து தடித்தடியாகத் தொகுதிகள் வரும். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பூதக்கண்ணாடி இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாது. ஆளின் பெயர், அதற்குக் கீழே அவர் எழுதிய கட்டுரை, அதற்கும் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பெயர்கள். ஒரு விஞ்ஞானிக்கு அரை நாள் ஆகும். பிறகு அதே சங்கதி குறுந்தகடுகளில் வந்தது. கண் தப்பித்தது, வேலை குறையவில்லை.

சக்ஸேனா சாப் லக்னோக்காரர். நாக்குக்கு அடியில் எப்போதும் ஒரு லவங்கம் இருக்கும். பேசும்போது அதைக் கன்னத்துக்குத் தள்ளிக்கொள்வார். கணக்குச் சரிபார்க்கும்போது உட்கார மாட்டார். நான் வாசிப்பேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கேட்பார். "அட்ரெஸ்?" என்பார். அதே பெயரில் நாலு குப்தா இருப்பார்கள், எந்த ஊர் குப்தா என்று விலாசத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். "அப்னா?" என்பார். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தாயா என்று அர்த்தம். கழித்தேன் என்றால் தலை அசையும். கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

"கோலா?"

திறந்து பார்த்தாயா என்று கேட்கிறார். மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் சிலவற்றையாவது எடுத்துப் பிரித்து, இவரைப் பற்றி அங்கே என்னதான் சொல்லியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். எண்ணுகிற வேலைக்கு எதற்குப் படிக்க வேண்டும் என்று ஒருமுறை முனகிவிட்டேன். திரும்பிப் பார்த்தார். "மேடம் ஜி, தெருவில் நூறு பேர் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள். வாழ்த்துகிறார்களா, திட்டுகிறார்களா? ஜன்னலைத் திறக்க வேண்டாமா?" என்றார். அதன் பிறகு நான் திறக்காமல் போனதில்லை.

அவருடைய இன்னொரு பிடிவாதம்தான் எங்கள் பிரிவுக்கே அடையாளம். வெறும் எண்ணை அவர் வெளியே அனுப்ப மாட்டார். உயிர்வேதியியலில் ஆயிரக்கணக்கான பேர் எழுதுகிறார்கள், ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டித் தள்ளுகிறார்கள். கணிதத்தில் ஆளே குறைவு, ஒரு கட்டுரையைப் புரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் ஆகும். இரண்டு பேரின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவர் பெரியவர், அவர் சிறியவர் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணிக் கடையில் ஒரு நாளைக்கு வருகிற கூட்டத்தையும் தையல் மெஷின் விற்கிறவன் கடைக்கு வருகிற கூட்டத்தையும் ஒப்பிட்டு யார் நல்ல வியாபாரி என்று சொல்வது போல. அதனால் அந்தந்தத் துறையில் சாதாரணமாக ஒரு கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்போம். அதைப் போல் இவருக்கு எத்தனை மடங்கு என்று பார்ப்போம். எண் ஒரு கட்டத்தில் இருந்தாலும், மடங்குக்கு நேரேதான் சாப் கையெழுத்துப் போட்டு அனுப்புவார்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கராஜின் பெயர் வந்தது.

டெல்லியிலேயே ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம். அங்கே பூச்சிகளை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் சின்னப் பிரிவு ஒன்று இருந்தது. டாக்டர் தங்கராஜ் அதன் தலைவர். தலைவர் என்றால் பெரிய படை ஒன்றுமில்லை, ஒப்பந்தத்தில் இரண்டு உதவியாளர்கள், ஒரு மைக்ரோஸ்கோப், அலமாரி அலமாரியாக ஸ்லைடுகள். அவர் பார்த்தது இலைப்பேன்களை. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டு கிடக்குமே, அதற்குக் காரணமான பொடிப் பூச்சி. ஒரு கமா அளவுகூட இருக்காது. நிலையத்தில் எந்தப் பிரிவை வைப்பது, எதை மூடுவது என்று ஒரு குழு போட்டிருந்தார்கள். மேற்கோள் கணக்கு எங்களிடம் கேட்கப்பட்டது.

நான் எண்ணினேன். தங்கராஜின் எண் ஒரு கை விரல்களுக்குள் அடங்கியது. அதே நிலையத்தின் உயிர்வேதியியல்காரருக்கு நூற்றுக்கணக்கில் இருந்தது. தகடு கெட்டுவிட்டதோ என்று தொகுதியில் தேடினேன். பெயரை எப்படியெல்லாம் எழுதியிருக்கலாமோ அப்படியெல்லாம் தேடினேன். அதேதான்.

கணக்கு முடிந்ததும் அந்தந்த விஞ்ஞானியிடம் பட்டியலைக் காட்டி, இவை என் கட்டுரைகள்தான் என்று கையெழுத்து வாங்க வேண்டும். பெரும்பாலும் தபாலில் போகும். உள்ளூர் என்பதால் நானே போனேன். மனிதர் சண்டைக்கு வரப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன்.

அவர் ஒல்லியாக, நெற்றியில் மைக்ரோஸ்கோப்பின் தழும்போடு இருந்தார். கோவில்பட்டிக்காரர். என் பேச்சைக் கேட்டதுமே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். "அம்பாசமுத்திரமா? அச்சா, அப்ப நம்ம ஆளுதான். உக்காருங்க மேடம், டீ சொல்லுதேன்." பட்டியலைப் பார்த்தார். எண்ணையும் பார்த்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்குத்தான் திக்கென்றது. "டாக்டர், இவ்வளவு கம்மியா இருக்கே. எதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க, சேர்த்துக்கிடலாம்" என்றேன்.

"ஒண்ணும் விட்டுப்போவல. சரியாத்தான் எண்ணியிருக்கீங்க" என்றவர் எழுந்து ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தார். அது அந்த உயிர்வேதியியல்காரரின் மிகப் புகழ்பெற்ற கட்டுரை. முதல் வரியிலேயே இலைப்பேனின் லத்தீன் பெயர் இருந்தது. லத்தீன் பெயருக்குப் பின்னால் தங்கராஜ் என்று இருந்தது. பூச்சிக்குப் பெயர் வைத்தவரின் பெயரை அப்படிக் கூடவே எழுதுவது அந்தத் துறை வழக்கம். பக்கத்தைப் புரட்டினார். தங்கராஜ், தங்கராஜ், தங்கராஜ். கடைசிப் பக்கத்தில், மேற்கோள்களைப் பட்டியல் போடும் இடத்தில், தங்கராஜ் இல்லை.

"ஏன் போடல?" என்று கேட்டேன்.

"போட மாட்டாங்க மேடம். பூச்சி பேரோட ஒட்டியே கெடக்கேன், தனியா வேற எதுக்குப் போடணும்? யாரும் போடுறதில்ல. நானே மத்தவங்களுக்குப் போடுறதில்ல."

நான் படித்தது விலங்கியல். இந்த வழக்கம் எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணும்போது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. உலகம் முழுக்க இந்த மனிதரின் பெயரை அச்சடித்துக்கொண்டிருக்கிறது, எங்கள் தொகுதியில் மட்டும் அவர் இல்லை. பிறகு எங்கள் வேலையை அவருக்கு விளக்கினேன். கட்டுரைக்குள் என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்குக் கணக்கில்லை, கடைசிப் பட்டியலில் இருந்தால்தான் கணக்கு என்றேன். "எப்ப ஒங்க கட்டுரையக் கடைசிப் பட்டியல்ல போடுவாங்க?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"நான் தப்புப் பண்ணியிருந்தா போடுவாங்க. இன்ன கட்டுரையில இவன் புது இனம்னு சொன்னது தப்பு, அது பழைய பூச்சிதான்னு எழுதணும்லா? அப்ப கட்டாயம் போட்டாகணும். இந்த நாலஞ்சும் அப்படி வந்ததுதான். சின்ன வயசுல செஞ்ச தப்பு."

இலைப்பேனில் அது பெரிய கண்ணி என்றார். ஒரே பூச்சி குளிரில் வளர்ந்தால் கறுப்பு, வெயிலில் வளர்ந்தால் வெளுப்பு. ஆத்திரக்காரன் இரண்டும் வேறு வேறு என்று எழுதிவிடுவான். அதனால் ஓர் இனத்தை அறிவிப்பதற்கு முன்னால் மலை, சமவெளி, மழை, வெயில் என்று எல்லா இடத்திலிருந்தும் பிடித்து வந்து, வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பாராம். பேசும்போதே ஒரு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். இறகு என்ற பெயரில் ஒரு குச்சி, அதன் ஓரமெல்லாம் மயிர் வரிசை. கண் கூசும் அழகு. எனக்கு மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்க மனசு வரவில்லை.

சக்ஸேனா சாப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமே நின்றார். லவங்கத்தைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "துறைக் கணக்கு போடுங்கள்" என்றார். பூச்சிகளுக்குப் பெயர் வைக்கும் துறையில் ஒரு கட்டுரைக்குச் சாதாரணமாக எவ்வளவு வருகிறது என்று தேடினோம். அநேகமாக ஒன்றும் வருவதில்லை. அந்த அளவுகோலில் தங்கராஜ் தன் துறையின் நடுவில் கௌரவமாகவே நின்றார். மடங்கில் பார்த்தால் உயிர்வேதியியல்காரரை விடக் கொஞ்சம் மேலேகூட. அதோடு ஒரு தனிக் குறிப்பும் சாப் எழுதினார், இவரது பெயர் கட்டுரைகளுக்குள்ளே எப்படி வருகிறது என்று. அதற்கு முன் அவர் எந்த விஞ்ஞானிக்கும் தனிக் குறிப்பு எழுதியதில்லை.

குழுக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். குழுவின் தலைவர் ஒரு பெரிய இயற்பியல்காரர், நல்ல பேச்சுக்காரர். எங்கள் அட்டவணையை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சக்ஸேனா ஜி, பரீட்சையில் பெயிலான பையனுக்கு, அவன் வகுப்பே மக்கு வகுப்பு என்று சொல்லி பாஸ் போடுவீர்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாப் எழுந்து நின்று விளக்கினார். உயிர்வேதியியல்காரரின் கட்டுரையைக் காட்டினார். முதல் வரியைப் படித்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷமாக நாங்கள் அனுப்பிய மடங்குகளை அங்கே யாரும் படிக்கவே இல்லை. பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் வெறும் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையின் உழைப்பு அது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

தங்கராஜை உள்ளே கூப்பிட்டார்கள். ஐந்து வருஷம் தருகிறோம், அதற்குள் எண் ஏறவில்லை என்றால் பிரிவு மூடப்படும், அறை கணினிக் கூடமாகும் என்றார்கள். ஸ்லைடுகளை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். எங்கேயாவது என்றார் தலைவர். அந்த எங்கேயாவது என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அரசு அலுவலகத்தில் எங்கேயாவது என்றால் வராண்டா, அப்புறம் மாடிப்படிக்குக் கீழே, அப்புறம் கபாடி என்கிற பழைய சாமான்காரன்.

தங்கராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எத்தனை வேணும், சார்?" என்று இந்தியில் கேட்டார். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே, "எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றார்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சக்ஸேனா சாப் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் அறையில் அவர் உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சுற்று வருவதற்குள் அவர் ஓய்வு பெற்று லக்னோ போய்விட்டார். புதிய மேலதிகாரி வந்தார், மேஜையில் புதுக் கணினி வந்தது. மடங்கு வேண்டாம், நேரம் வீண் என்றார். திறந்து பார்ப்பதும் வேண்டாம் என்றார். "மேற்கோள் என்றால் மேற்கோள். ஒன்று என்றால் ஒன்று. முடிந்தது." நான் சரி சார் என்றேன். ஆனாலும் திறக்கும் பழக்கம் என்னை விடவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் திறப்பேன்.

தங்கராஜின் பெயரை அடித்ததும் திரை நிறைந்து, அடுத்த திரையும் நிறைந்தது. ஐந்து வருஷத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார், புதுப் புது இனங்கள். மேற்கோள்களும் குவிந்திருந்தன, அவர் துறையில் நான் கண்டிராத அளவு. ஜெயித்துவிட்டார் மனுஷர் என்று நினைத்தேன். அன்று மதியம் டப்பாவைக்கூடத் திறக்காமல், மேற்கோள் காட்டிய கட்டுரைகளை நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொல்லித் திறந்தேன்.

முதல் கட்டுரை, தங்கராஜ் புது இனம் என்று சொன்னது தவறு, அது ஏற்கெனவே தெரிந்த பூச்சியின் குளிர்கால நிறம் என்றது. இரண்டாவதும் அதையே சொன்னது. மூன்றாவதில் கொஞ்சம் மரியாதை குறைந்திருந்தது. அதற்கடுத்ததில், இவ்வளவு அனுபவமுள்ள ஒருவர் இப்படிச் செய்வது வியப்பளிக்கிறது என்று எழுதியிருந்தார்கள். கறுப்பை ஓர் இனம் என்றும் வெளுப்பை ஓர் இனம் என்றும் அவரே எழுதியிருந்தார். யாரை ஆத்திரக்காரன் என்று என்னிடம் சொன்னாரோ அந்த ஆளாகவே ஆகியிருந்தார். தெரியாமல் செய்திருக்க முடியாது.

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று காத்திருந்தது. ஒரு புது இலைப்பேன், அதற்கு வைத்திருந்த பெயர் என் பெயர். கோமதி என்பதற்கு லத்தீன் வால் ஒட்டி, பக்கத்தில் தங்கராஜ் என்று போட்டிருந்தது. மேற்கோள் பணியில் உதவிய அம்மையாருக்கு நன்றியுடன் என்று ஒரு வரி வேறு. இந்தப் பொய்க் குவியலில் என்னையும் சேர்த்துவிட்டாரே என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கையெழுத்து வாங்குகிற சாக்கில் அன்றைக்கே பஸ் ஏறினேன்.

அவருக்கு நன்றாக நரைத்திருந்தது. "வாங்க மேடம், டீ சொல்லுதேன்" என்று ஆரம்பித்தார்.

"டீ ஒண்ணும் வேண்டாம். என்ன வேலை டாக்டர் இது? எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வாரேன்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று நம்பித்தான் போயிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சரியாப் பேரு வச்சா ஒருத்தனும் எண்ண மாட்டான். தப்பா வச்சா திருத்த வாரவன் கட்டாயம் பட்டியல்ல போடணும். ஒங்க கணக்குல அதுவும் ஒண்ணு, இதுவும் ஒண்ணு. அன்னைக்கு நாம இங்கன உக்காந்து பேசினதுதான மேடம்? அவங்க எண்ணு கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"ஒங்க பேரு என்ன ஆச்சு? ஒலகம் பூரா சிரிக்காங்களே!"

"சிரிக்கட்டும். தப்பு எங்கெங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும், திருத்திட்டாங்க. அறிவியலுக்கு ஒரு நட்டமும் இல்ல. எனக்குத்தான் நட்டம்." அலமாரிகளைப் பார்த்தார். "இதுல நாப்பது வருசத்துப் பூச்சி இருக்கு. எனக்கு முன்னால இருந்தவர் பிடிச்சதும் இருக்கு. காடே போயிட்ட எடத்துலருந்து வந்த பூச்சியெல்லாம் இருக்கு, இனிமே அங்கன போய்ப் பிடிக்க முடியாது. இத மாடிப்படிக்குக் கீழ போட விடுவேனா? அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் வேலை போயிரும். என் பேரு தான? போகட்டும்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "ஒங்க பேரு ஒங்க இஷ்டம். என் பேரை எதுக்கு இதுல இழுத்தீங்க? நாளைக்கு எவனாவது கோமதிங்கிற பூச்சியே கெடையாதுன்னு எழுதுவான். அதையும் நானே எண்ணணுமா?"

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. அவ்வளவு நேரம் கல்லாக இருந்த மனிதர், அடிபட்டவர் போல ஆனார்.

"மேடம், அந்தக் கட்டுரைக்கு நேரே என்ன எண்ணு போட்டிருக்கீங்க?"

கோபத்தில் நான் அதைப் பார்க்கவே இல்லை. பட்டியலைப் புரட்டினேன். பூஜ்யம்.

"அது நெசம், மேடம்" என்றார். "அது ஒண்ணுதான் நெசம். ஒங்க மலைப் பக்கம், காரையார்ல பிடிச்சது. பன்னெண்டு வருசம் பாத்தேன். அந்தப் பொய்யெல்லாம் ஒரு பக்கம் எழுதும்போது, இத மட்டும் தொடாம வச்சிருந்து ஒழுங்கா எழுதினேன். எவனாலயும் அதத் திருத்த முடியாது. அதனாலதான் எவனும் எண்ணல."

அவர் கையெழுத்துப் போட்டார், நான் வாங்கிக்கொண்டு வந்தேன். உண்மையைக் குழுவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் பிரிவு அன்றைக்கே போகும். சொல்லாவிட்டால் பொய் நிற்கும், ஆனால் அந்தப் பொய்யைத்தான் ஏற்கெனவே ஊரெல்லாம் அச்சடித்துத் திருத்திவிட்டார்களே. யார் கேட்டாலும் திறந்து காட்டத் தயாராக, அந்தத் திருத்தக் கட்டுரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். கேட்டால் மறைக்கப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

அதே தலைவர்தான். எண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தங்கராஜை உட்காரச் சொன்னார், போன தடவை உட்காரச் சொல்லவில்லை. "பார்த்தீர்களா? அழுத்தம் கொடுத்தால் வேலை நடக்கிறது" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். இந்தப் பிரிவை நிலையத்துக்கே முன்மாதிரி என்று குறிப்பில் எழுதச் சொன்னார். பை என் மடியில் இருந்தது. ஜிப்பைப் பாதி திறந்து வைத்திருந்தேன். தங்கராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் பட்டியலைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். "இது என்ன, இதற்கு ஒன்றுமே இல்லை? பேகார் பேப்பர், ஒன்றுக்கும் உதவாதது. சராசரியைக் கீழே இழுக்கிறது. இதை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். பலவீனமான கட்டுரையை விஞ்ஞானியே விலக்கிக்கொள்ளலாம், விதியில் இடம் இருக்கிறது." என் பக்கம் திரும்பினார். "ஹடா தீஜியே, மேடம்" என்றார், எடுத்துவிடச் சொல்லி.

எனக்குக் கை ஓடவில்லை. பேனாவைப் பிடித்தபடி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. தலைவர் பொறுமை இழந்து, "நீங்களே சொல்லுங்கள் டாக்டர், எடுக்கட்டுமா, வேண்டாமா?" என்று தங்கராஜிடம் கேட்டார்.

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். என் கையிலிருந்த பேனாவை மெதுவாக உருவிக்கொண்டார். "மன்னிச்சுக்கிடுங்க மேடம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார். பிறகு குனிந்து, என் பெயர் இருந்த வரியை அவரே அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.